படகுத்துறையை நடத்தும் கம்பெனி மாறிவிட்டது, என் கடை என்ன ஆகும்?

கேள்வி: மாநகராட்சிக்குச் சொந்தமான படகுத்துறையில் கடை வைத்திருக்கிறேன். ஒப்பந்தம் துறையை நடத்திய கம்பெனியோடு போட்டது, இன்னும் மூன்று வருடம் பாக்கி. இப்போது மாநகராட்சி வேறு கம்பெனியிடம் துறையைக் கொடுத்துவிட்டது. புதியவர்கள் காலி செய்யச் சொல்கிறார்கள், அட்வான்ஸுக்கும் பொறுப்பில்லை என்கிறார்கள்.

பதில்: சாவியைக் கொடுக்காதீர்கள், அவர்கள் நீட்டும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மாநகராட்சிக்கும் பழைய கம்பெனிக்கும் இருந்த மூல ஒப்பந்தத்தின் நகலை மாநகராட்சியிடம் இன்றே எழுதிக் கேளுங்கள். பொதுச்சொத்து பற்றிய ஆவணம் என்பதால் பெரும்பாலும் கிடைத்துவிடும், உங்கள் கேள்விக்கான விடையும் அதில்தான் இருக்கிறது.

ஏனென்றால் நகரங்கள் துறையைப் பல விதமாக விடுகின்றன. சில இடங்களில் மொத்தமாகக் குத்தகை. சிகாகோவின் நேவி பியரை அதன் உரிமையாளரான அரசு அமைப்பு 2011ல் வருடத்துக்கு 1 டாலர் வாடகையில் ஒரு லாபநோக்கற்ற நிறுவனத்துக்கு விட்டது. அப்படி விட்டிருந்தால் உங்களுடையது உள்குத்தகை; மேலே உள்ள குத்தகை முடிந்தால் பொதுவாக அதுவும் சேர்ந்தே விழும், 'கம்பெனி போனாலும் கடைக்காரரை வெளியேற்ற மாட்டோம்' என்று மாநகராட்சி தனியாக எழுதிக் கொடுத்திருந்தால் தவிர. கடை எடுக்கும்போது யாரும் இதைக் கேட்டு வாங்குவதில்லை, எனக்கு வருத்தமே அதில்தான்.

வேறு சில இடங்களில் கம்பெனி வெறும் நிர்வாகி: வாடகையை வசூலித்து மாநகராட்சிக் கணக்கில் கட்டிவிட்டு, தன் கட்டணத்தை வாங்கிக்கொள்ளும். உங்கள் ஒப்பந்தத்தில் 'மாநகராட்சியின் சார்பாக' என்று கையெழுத்து இருந்தால் உங்களோடு ஒப்பந்தம் போட்டது மாநகராட்சிதான், முகவர் மாறியதால் மட்டும் அது முடியாது. அட்வான்ஸையும் மாநகராட்சியிடமே கேட்கலாம்.

அப்புறம், உங்கள் ஒப்பந்தத்தின் தலைப்பில் 'உரிமம்' (இடத்தைப் பயன்படுத்த வெறும் அனுமதி, குத்தகை அளவுக்குப் பாதுகாப்பு இல்லாதது) என்று இருந்தாலும் உடனே சோர்ந்துவிடாதீர்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 1959லும் அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1985லும் சொன்னது ஒன்றுதான்: பெயரைப் பார்க்காதே, உண்மையில் என்ன கொடுக்கப்பட்டது என்று பார். கடை முழுக்க உங்கள் வசம், பூட்டுச் சாவி உங்களிடம் என்றால் அதைக் குத்தகை என்று வாதாட நல்ல இடம் உண்டு. தினமும் நகர்த்தும் வண்டி என்றால் அந்த வாதம் நிற்பது கஷ்டம்.

வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். யாருக்குக் கட்டுவது என்று மாநகராட்சியிடம் எழுதிக் கேளுங்கள், பதில் வரும்வரை தொகையைத் தனியாக வைத்திருங்கள். மூல ஒப்பந்தம் குத்தகை என்று தெரிந்தால் அட்வான்ஸுக்கான நோட்டீஸை பழைய கம்பெனிக்குத் தாமதிக்காமல் அனுப்புங்கள், அது கணக்கை முடித்துக் கிளம்பிவிட்டால் வசூலிப்பது பெரும்பாடு.