ஒரே தோற்றமுள்ள தவளைகளை வெவ்வேறு சிற்றினங்கள் என்று எப்படிக் கண்டறிகிறார்கள்?

மழைக்காடுகளில், கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிந்தாலும் தமக்குள் கலந்து இனம்பெருக்காத தவளைகள் உண்டு. இவற்றை மறைச் சிற்றினங்கள் என்பர். இருளில் பெண் தவளை இணையை அடையாளம் காண்பது பெரும்பாலும் குரலால்தான் என்பதால், குரல் வேறுபட்டால் அது நாடி வராது; உருவம் அதிகம் மாறாமலேயே இரு கூட்டங்களும் நாளடைவில் பிரிந்துவிடுகின்றன. தொலைபேசியில் பேசுவது அக்காவா தங்கையா என்று குரலை வைத்தே நாம் சொல்லிவிடுவதைப் போன்றது இது.

கணக்கெடுப்போர் மழையிரவில் ஓடைக்கரையில் விளக்கை அணைத்துக் காத்திருந்து, குரலைப் பதிவு செய்து, அப்போதைய வெப்பநிலையையும் குறித்துக்கொள்கிறார்கள். குளிரில் அதே தவளை மெதுவாகக் கத்தும் என்பதால், இக்குறிப்பு இல்லாத பதிவைப் பாதிப் பதிவு என்றே சொல்வேன். பிறகு உடலளவு, விரலிடைச் சவ்வு, டி.என்.ஏ. ஆகியவற்றை ஒப்பிடுகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் 2017-இல் இவ்வாறு ஏழு புதிய இரவுத் தவளைகள் விவரிக்கப்பட்டன. அவற்றுள் நான்கு, கட்டைவிரல் நகத்தில் அமரக்கூடிய அளவே உள்ளவை. சருகுக்கடியிலிருந்து பூச்சியைப் போல ஒலிப்பவை.

‘புதிய சிற்றினம்’ என்றதும் அது அண்மையில் தோன்றியது எனப் பலர் எண்ணுகிறார்கள். தவளை நெடுங்காலமாக அங்கேதான் வாழ்கிறது, அறிவியல் பெயர் மட்டுமே புதிது.