33 வயதில் எனக்கும் ஆட்டிசமா?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எனக்கு 33 வயது. ஐந்து வயது மகனுக்கு ஆட்டிசம் என்று சென்ற மாதம் உறுதியானது. அவனைப் பற்றி மருத்துவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் என்னைக் கேட்டது மாதிரியே இருந்தது. கல்யாண வீட்டில் சிரித்துப் பேசிவிட்டு வந்தால் இரண்டு நாள் எழ முடியாது. சகனில், அதாவது பலர் சேர்ந்து ஒரே தட்டில் சாப்பிட உட்கார்ந்தால் குமட்டும். யாரிடம் என்ன பேசுவது என்று முதல் நாளே மனப்பாடம் செய்துகொண்டு போவேன். கணவர் துபாயில் இருக்கிறார். எனக்கும் ஆட்டிசம் இருக்குமா? இந்த வயதில் தெரிந்து என்ன ஆகப்போகிறது? எங்கே போய்ப் பார்ப்பது?"

இருக்கலாம் சகோதரி. கடிதத்தை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது. ஆனால் போய்ப் பார்க்கும் அளவுக்கு அதில் காரணம் இருக்கிறது. ஆட்டிசம் என்பது பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. அதில் மரபின் பங்கு பெரியது. பிள்ளைக்காகப் போன இடத்தில் தன்னை அடையாளம் கண்டுகொண்ட தாய்மார் நிறையப் பேர்.

இத்தனை வருடம் ஏன் யாருக்கும் தெரியவில்லை? 1943இல் அமெரிக்க மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்தபோது, அவர் எழுதிய 11 குழந்தைகளில் மூவர்தான் பெண்கள். மறு ஆண்டு ஆஸ்திரிய மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விரிவாக எழுதிய நால்வரும் பையன்கள். பின்னால் வந்த அளவுகோல்களும் பெரும்பாலும் பையன்களைப் பார்த்தே உருவாயின. நான்கு ஆணுக்கு ஒரு பெண் என்றே நெடுங்காலம் சொன்னார்கள். 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, மூன்றுக்கு ஒன்று என்பதே உண்மைக்கு நெருக்கம் என்று வந்தது.

நம் ஊர் வழக்கமும் இதில் சேர்ந்துகொள்கிறது. பையன் யாரோடும் பேசாவிட்டால் ஏன் என்று கேட்போம். பெண் பேசாவிட்டால் அடக்கமான பிள்ளை என்று மெச்சுவோம். அவள் ஓரமாக உட்கார்ந்து, மற்றவர்கள் எப்போது சிரிக்கிறார்கள், கையை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பழகிக்கொள்வாள். சபையில் குறை தெரியாது. வீடு திரும்பிய பிறகுதான் அழுகை, எரிச்சல், பேச்சே வராத சோர்வு எல்லாம் வரும். அதனால் வெளியில் எவ்வளவு நன்றாகப் பழகுகிறார் என்பதைவிட, அதற்கு அவர் என்ன விலை கொடுக்கிறார் என்பதையே நான் முதலில் கேட்பேன். உங்கள் "இரண்டு நாள் எழ முடியாது" என்ற வரியில்தான் என் கண் நின்றது. 2013இல் வந்த, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 என்ற கண்டறியும் அளவுகோலும், பழகிக்கொண்ட உத்திகளால் அறிகுறிகள் மறைந்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறது. சத்தம், வாசனை, தொடுகை தாங்க முடியாமை போன்றவற்றையும் அதில்தான் அறிகுறியாகச் சேர்த்தார்கள்.

ஆனால் அவசரப்பட்டு முடிவுக்கு வர வேண்டாம். கூட்டத்தைக் கண்டால் பதற்றம், மனச்சோர்வு, கவனச் சிதறல், தனியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அலுப்பு ஆகியவையும் இப்படித் தோன்றலாம். ஆட்டிசத்தோடு சேர்ந்தும் வரலாம். பிரித்துப் பார்க்க முக்கியமான தடயம் உங்கள் சிறுவயது. ஆட்டிசம் நடுவில் வந்து ஒட்டுவதில்லை. அதனால் உம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். "நான் எப்படி இருந்தேன்?" என்றால் "நல்லாத்தான் இருந்தே" என்றுதான் பதில் வரும். எந்தத் துணியைப் போட மாட்டேன் என்று அழுதேன், விருந்தாளி வந்தால் எங்கே போய் இருந்தேன், என்ன விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடினேன், வழக்கம் மாறினால் என்ன செய்தேன் என்று கேளுங்கள். கிடைப்பதை எழுதி வையுங்கள். பழைய ரேங்க் கார்டில் ஆசிரியர் எழுதியது இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். மகனுக்கு உதவும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் 18 வயது வரைக்கும்தான். உங்களைப் பார்க்க மாட்டார்கள். மதுரைக்குப் போவதென்றால், வயது வந்த பெண்களுக்கு ஆட்டிசம் பார்த்த அனுபவம் உண்டா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். இதற்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. நீண்ட நேரம் பேசித்தான் கண்டறிவார்கள். இணையத்தில் கிடைக்கும் கேள்வித்தாள் மதிப்பெண்ணை எடுத்துப் போகலாம், ஆனால் அது தீர்ப்பு அல்ல. முதலில் யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண் இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மனநலப் பிரிவு என்றதும் நம் பக்கத்தில் ஏர்வாடி நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மனநலம் பாதித்தவர்களுக்கான ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அந்தப் பயம் இன்னும் இங்கே குடும்பங்களில் இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டிசம் மனநோய் அல்ல. முன்பே சொன்னபடி, பிறவியிலேயே உள்ள வேறுபாடு. நீங்கள் சிகிச்சைக்குப் போனதை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் தனி விஷயம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஆட்டிசத்துக்கும் அது உண்டு, விரும்பினால் மட்டும் விண்ணப்பிக்கலாம்.

இந்த வயதில் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். ஆட்டிசத்தை மாற்ற மருந்து இல்லை. குணமாக்குகிறேன் என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். கூடவே பதற்றமோ தூக்கமின்மையோ இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. ஆனால் என் அனுபவத்தில் பெரிய மாற்றம் வருவது வேறிடத்தில்: "நான் சோம்பேறி, திமிர் பிடித்தவள்" என்று தன்னைத் தானே திட்டிக்கொள்வது நிற்கிறது. மகன் ஏன் காதைப் பொத்துகிறான் என்பதும் உங்களுக்குத்தான் முதலில் புரியும்.

சில மாற்றங்களுக்கு மருத்துவர் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விருந்தில் தனித் தட்டு கேளுங்கள். கல்யாணத்துக்கு மறுநாள் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வீடியோ கால் அலுப்பாக இருந்தால் கணவருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். காரணத்தை அவரிடம் முதலில் சொல்லிவிடுவது நல்லது. மாமியிடம் இப்போதே ஆட்டிசம் என்ற பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. "சத்தத்தில் தலை வலிக்கிறது மாமி, அரை மணி நேரம் மாடியில் இருந்துவிட்டு வருகிறேன்" என்று தேவையை மட்டும் சொல்லுங்கள். போய் இருந்துவிட்டும் வாருங்கள்.