வெள்ள முன்கணிப்பு படிக்கப் பணம் கட்டும் முன் இரண்டு மாதச் சோதனை

சிவில் முடித்த மகள் வெள்ள முன்கணிப்பில் முதுகலை சேர வேண்டும் என்கிறாள். ‘கம்ப்யூட்டரில்தான் வேலை என்றால் நேரே சாஃப்ட்வேருக்கே போகலாமே’ என்று நீங்கள் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தத் துறையில் கம்ப்யூட்டர் கணக்குப் போடும், அவ்வளவே. கொடுத்த தரவு சரியா என்று சந்தேகப்படத்தான் ஆளுக்குச் சம்பளம். அந்தக் குணம் மகளிடம் இருக்கிறதா என்பதைச் செலவில்லாமலே பார்த்துவிடலாம்.

அவள் கேட்பது டெல்டா என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டும். மலையாற்றில் மேலே எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டெல்டாவில் நிலம் கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர்தான் சரியும். கடலில் ஓதம் ஏறினால் ஆற்று நீர் வெளியேற வழியின்றித் தேங்கும். அதனால் நீரின் போக்கைக் கணக்கிடும் கம்ப்யூட்டர் மாடலுக்கு மேல்முனையில் நீரோட்ட அளவும் கீழ்முனையில் கடல்மட்டமும் தர வேண்டும். நீர்மட்டம் ஒன்றாகவே இருந்தாலும் ஓதம் ஏறும்போது குறைவாகவும் இறங்கும்போது அதிகமாகவும் நீர் ஓடும். மட்டத்தைப் பார்த்து ஓட்டத்தைச் சொல்லும் வழக்கமான அட்டவணை இங்கே கைகொடுக்காது.

சோதனைக்கு ஹெச்.இ.சி-ராஸ் என்ற ஆற்று வெள்ள மாடல் மென்பொருள் போதும். இலவசம், சாதாரண விண்டோஸ் லேப்டாப்பில் ஓடும். நீர்மட்டத் தரவு பொதுவில் கிடைக்கும் ஏதாவது ஒரு டெல்டாவை எடுத்து, அங்கே வந்த வெள்ளத்தை மாடலில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நில உயரத்துக்கு 2000-இல் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்த எஸ்.ஆர்.டி.எம். தரவு இருக்கிறது.

முதல் அடி அங்கேதான் விழும். அந்த ரேடார் பல இடங்களில் தரையை அல்ல, மரங்களின் தலையை அளந்தது. அலையாத்திக் காடு மேடாகத் தெரியும், வெள்ளம் அதைச் சுற்றிப் போகும். அடுத்தது கரை. மாடல் நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும்; 30 மீட்டர் கட்டத்தில் 3 மீட்டர் அகலக் கரை காணாமல் போய், தண்ணீர் தடையின்றி வயலுக்குள் பாயும். கரை உச்சியைத் தனிக் கோடாக வரைந்து, கட்டங்களின் விளிம்பை அதில் பொருத்த வேண்டும். ஆற்று நீர்மட்ட அளவுகோலின் பூஜ்யமும் நில வரைபடத்தின் பூஜ்யமும் வேறு வேறாக இருப்பது இன்னொரு பொறி. அரை மீட்டர் பிசகினால் டெல்டாவில் மூழ்கும் ஊரே மாறிவிடும்.

பிறகு நேரப்படி, அதாவது மாடல் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாண்டும் நேரம். 4 மீட்டர் ஆழத்தில் அலை விநாடிக்கு 6 மீட்டருக்குச் சற்று மேல் நகரும். ஓட்டத்தையும் சேர்த்தால் 7. ஒரு படியில் அலை ஒரு கட்டத்துக்கு மேல் தாண்டக் கூடாது என்பதால், கட்டம் 50 மீட்டர் என்றால் படி ஏறக்குறைய 7 விநாடிக்குள் இருப்பது பாதுகாப்பு. கட்டத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் 4 மடங்கு, படியும் பாதி; ஆக, ஓட்ட நேரம் 8 மடங்கு. அவசரப்படுபவர்களுக்கு இந்தத் துறை ஒத்துவராது.

ஒரு வெள்ளத்தை வைத்து ஆற்றின் படுகை நீரை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் மேனிங் உராய்வு எண்ணைச் சரிசெய்து, தொடாத இன்னொரு வெள்ளத்தில் சோதிக்க வேண்டும். சுத்தமான ஆற்றுக்கு 0.03, அடர்ந்த புதருக்கு 0.1 வாக்கில் வரும். 0.01 வைத்தால்தான் பொருந்துகிறது என்றால், ஆறு கண்ணாடியால் ஆனது என்று சொல்வதற்குச் சமம். தவறு வேறெங்கோ இருக்கிறது. மாடல் அளந்த தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் நாஷ்-சட்க்ளிஃப் மதிப்பெண் (முழுப் பொருத்தம் என்றால் 1) 0.9 வந்தாலும் நம்பிவிடக் கூடாது. தினசரி ஓதத்தைச் சரியாகப் பிடித்தாலே அந்த மதிப்பெண் வந்துவிடும், வெள்ள உச்சம் பல மணி நேரம் தவறியிருந்தாலும்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்திட்டத்தில் திறந்த கால்வாய் நீரியக்கவியல், எண்முறைக் கணக்கீடு, புள்ளியியல், பைத்தான் நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மென்பொருள் பெயர்களை மட்டும் அடுக்கும் படிப்பு வேண்டாம். வேலை அரசு நீர்வளத் துறைகள், வானிலை அமைப்புகள், ஆலோசனை நிறுவனங்கள், காப்பீட்டுத் துறை ஆகியவற்றில் உண்டு. சாஃப்ட்வேரை விட இடங்கள் குறைவு. முன்கணிப்பு மையங்களில் வெள்ளக் காலத்தில் இரவுப் பணியும் இருக்கும்.

இரண்டு மாதம் கழித்து வண்ண வரைபடத்தைக் காட்டினால் பாராட்டிவிட்டு, மாடல் எந்த இடத்தில், எத்தனை சென்டிமீட்டர் தவறியது, ஏன் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொன்னால் விண்ணப்பம் போடட்டும்.