கோட்டையில் இறங்க மறந்ததை எழுதுங்கள்

கேள்வி: அக்கா, நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். கோட்டையில் வேலை. போகும்போதும் வரும்போதும் ரயிலில்தான் வாசிப்பு. எங்களுக்கு ஒரு வாசகர் வட்ஸ்அப் குழு இருக்கிறது, 60 பேருக்கு மேல். வாசித்த அனுபவத்தைப் பகிரச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். போன மாதம் ஒரு மலையக நாவல் வாசித்தேன், கோட்டையில் இறங்க மறந்து மருதானை வரை போய், வேலைக்குப் பிந்தி, மனேஜரிடம் பேச்சும் வாங்கினேன். அவ்வளவு பிடித்தது. ஆனால் எழுத உட்கார்ந்தால் கதைச் சுருக்கம்தான் வருகிறது. கடைசியில், "மலையக மக்களின் துயரத்தைத் தத்ரூபமாகச் சித்திரிக்கும் நாவல், ஆசிரியரின் நடை அருமை, அனைவரும் வாசிக்க வேண்டும்" என்று போட்டேன். இரண்டு லைக், ஒரு கைகூப்பு, அவ்வளவுதான். அழுததை எழுதினால் சிரிப்பார்களோ என்று பயம். நான் இலக்கியம் படித்தவளும் இல்லை. எப்படித்தான் எழுதுவது? பழைய புத்தகங்களைப் பற்றி எழுதினால் யாராவது பார்ப்பார்களா?

பதில்: தங்கச்சி, குழுவில் போட்டிருக்க வேண்டியதை நீங்கள் எனக்குக் கடிதமாக எழுதிவிட்டீர்கள். கோட்டையில் இறங்க மறந்து மருதானைக்குப் போனதுதான் வாசிப்பு அனுபவம். குழுவில் போட்ட மூன்று வாக்கியங்களில் மலையகம் என்பதை எடுத்துவிட்டு வன்னி என்றோ கிழக்கு என்றோ போடுங்கள், எந்த நாவலுக்கும் பொருந்தும். புத்தக வெளியீட்டு விழாவில் நாலாவதாக மைக் பிடிக்கிறவர் புத்தகத்தை வாசிக்காமலே பேசுகிற பேச்சு அது. உங்களுக்கு அது தேவையில்லை, நீங்கள்தான் வாசித்திருக்கிறீர்களே.

நான் 22 வருடம் ஒரு நூலகத்தில் வேலை பார்த்தவள், அதற்குள் 14 வருடம் கொழும்பில் ஒரு சின்ன வாசகர் வட்டத்தையும் நடத்தியிருக்கிறேன். கதைச் சுருக்கம் சொல்லாதீர்கள் என்று அங்கே எத்தனை தரம் சொன்னாலும் ஆட்கள் சுருக்கத்தையே சொல்வார்கள், ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் 'நயம் எழுதுக' என்று பழக்கியதில் கதையும் கருத்தும்தான் இருந்தன, வாசித்த பிள்ளை இருக்கவில்லை. அப்புறம் நான் கேள்வியை மாற்றினேன். எப்படி இருந்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் நின்றீர்கள் என்று கேட்கத் தொடங்கினேன். வாசிப்பில் ஒரு இடத்தில் நாங்கள் நின்றுவிடுவோம் இல்லையா, வரியைத் திரும்ப வாசிப்போம், அல்லது புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு ஜன்னலைப் பார்ப்போம். அந்த இடத்தைச் சொன்னால் போதும். பக்க எண்ணோடு சொன்னால் இன்னும் நல்லது.

அதனால்தான் பதில் எழுதுவதற்கு முன் உங்களிடமும் அந்த ஒரே கேள்வியைக் கேட்டேன், எந்தப் பக்கத்தில் கோட்டை தாண்டிப் போனது என்று. நீங்கள் அனுப்பிய மூன்று நிமிடக் குரல் பதிவில் எல்லாமே இருந்தது. உங்கள் சம்மதத்தோடு அதைச் சற்றுச் சுருக்கி எழுத்தாக்குகிறேன், சொற்கள் பெரும்பாலும் உங்களுடையவைதான்:

"அன்று காலை நான் கோட்டையில் இறங்கவில்லை. பக்கம் 112. இந்தியாவுக்குப் போகப் பெட்டி கட்டுகிறார்கள். பாட்டி அம்மிக் குழவியை மட்டும் பழைய சேலையில் சுற்றி உள்ளே வைக்கிறாள். அம்மியைத் தூக்க முடியாது. அங்கே அம்மி குழவி இருக்காதா என்று மகன் கேட்கிறான், அவள் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு திறப்பு இருக்கிறது, பூட்டில்லாத திறப்பு, 1995இல் அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்தது. ஏன் இன்னும் எறியவில்லை என்று நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். மகன் கேட்டதை வாசித்தபோது என் குரல்தான் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் மருதானை."

இதில் கதைச் சுருக்கம் இல்லை, நடை அருமை இல்லை. ஆனாலும் புத்தகம் எதைப் பற்றியது, எந்தக் காலம், உங்களுக்கு ஏன் பிடித்தது எல்லாம் வந்துவிட்டன, இதை வாசிக்கிற யாருக்கும் அந்தப் புத்தகத்தைத் தேடத் தோன்றும். அறுபது சொல்லளவுதான், ஒரு கோப்பை தேநீர் ஆறுவதற்குள் எழுதிவிடலாம். குரலில் பேசுவது சுலபமென்றால் முதலில் பேசிப் பதிவு செய்யுங்கள், பிறகு கேட்டுக் கேட்டு எழுதுங்கள். எழுதும்போது 'சித்திரிக்கிறது', 'பிரதிபலிக்கிறது' போன்ற சொற்கள் தானாக வந்து குந்திவிடும், பேசும்போது அவை வராது.

அன்றைக்கே எழுதுங்கள். மறுநாள் விட்டால் கதை மட்டும் மிஞ்சும், நின்ற இடம் மறந்துபோகும். புத்தகத்தில் கோடு போட எனக்கும் மனம் வராது, நூலகத்தில் வேலை பார்த்தவளுக்கு எப்படி வரும், அதனால் ரயில் டிக்கெட்டின் பின்பக்கத்தில் பக்க எண்ணையும் ஒரு சொல்லையும் மட்டும் குறித்து வைப்பேன். "112, குழவி." அது போதும்.

இனி அழுகைக்கு வருவோம். யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று நான் உறுதி சொல்லப்போவதில்லை, 60 பேர் இருக்கிற இடத்தில் ஒருவராவது சிரிப்பார். ஆனால் 'அழுதேன்' என்பதில் வேறொரு குறை இருக்கிறது, அது போதுமான அளவு சொல்லவில்லை. இந்த விஷயத்தில் எங்கள் பழைய ஆட்கள் கெட்டிக்காரர்கள். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு இயல் இருக்கிறது, மனதில் நடப்பது உடம்பில் தெரிகிற விதங்களை எட்டாக வகுக்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அதோடு விடவில்லை, ஒவ்வொன்றும் எதனால் வருகிறது என்று நந்நான்கு காரணம் சொல்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்றால் இழிவுபடுத்தப்படுவது, இழவு என்றால் இழப்பது, வறுமை தெரிந்ததே. அசைவு என்பதற்கு, இருந்த நிலை கெட்டு வேறொன்றாகி வருந்துவது என்று பொருள் சொல்வார்கள். இப்போது உங்கள் நாவலின் பாட்டியைப் பாருங்கள். அங்கே யாரும் சாகவில்லை, அந்த இடத்தில் பசியும் இல்லை. ஆனால் இருந்த இடத்திலிருந்து பெயர்கிறாள். நீங்கள் அழுதது அசைவுக்கு. அது தெரிந்துவிட்டால் 'அழுதேன்' என்று எழுதவே தேவையில்லை, குழவியை எழுதினால் போதும். சிரிப்பு வந்த புத்தகத்துக்கும் இப்படித்தான், நகைக்குச் சொன்ன நான்கில் எள்ளலும் இருக்கிறது பேதைமையும் இருக்கிறது, ஆசிரியர் ஒருவரை எள்ளியதற்குச் சிரித்தீர்களா அல்லது ஒருவரின் அப்பாவித்தனத்துக்குச் சிரித்தீர்களா என்று பார்த்தால் எழுதுவதற்கு ஒன்று கிடைக்கும்.

இலக்கியம் படிக்கவில்லையே என்ற கவலைக்கு ஒரு பழைய சேதி. ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்பவர் கேம்பிரிட்ஜில் கற்பித்தபோது, எழுதியவர் பெயரை மறைத்துவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதித் தரச் சொன்னார், வந்ததையெல்லாம் வகை பிரித்து 1929இல் புத்தகமாகப் போட்டார். இலக்கியம் படிக்கிற பிள்ளைகளே தடுமாறியிருந்தார்கள். அவர் கண்ட குறைகளில் இரண்டு எங்களுக்கு வேண்டியவை. ஒன்று, எதற்கும் தயாராக வைத்திருக்கிற பதிலைத் தருவது. உங்கள் 'தத்ரூபமாகச் சித்திரிக்கும்' அந்த வகை. மற்றது, வாசிக்கிறவரின் சொந்த ஞாபகம் நடுவில் புகுந்து கவிதையை ஓரமாகத் தள்ளிவிடுவது. ஆனால் 1938இல் லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அமெரிக்க ஆசிரியை, வாசகரின் வாழ்க்கை இல்லாமல் வாசிப்பே இல்லை, புத்தகமும் வாசகரும் சேரும்போதுதான் அது நடக்கிறது என்ற நிலையிலிருந்து எழுதினார். யார் சொல்வது சரி? நான் ரோசன்பிளாட் பக்கம், ஆனால் ரிச்சர்ட்ஸின் எச்சரிக்கையைப் பையில் வைத்துக்கொள்வேன். எங்கள் வட்டத்தில் ஒரு ஐயா எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும் ஐந்தாவது நிமிடத்தில் தன் பதுளை இடமாற்றத்துக்கு வந்துவிடுவார், அதற்குப் பிறகு புத்தகம் திரும்பி வரவே வராது. பாவம், நல்ல மனிதர். உங்கள் பதிவில் திறப்பு வருகிறது, ஆனால் உடனே மகனின் கேள்விக்குத் திரும்பிவிடுகிறீர்கள். சொந்தக் கதைக்குப் போங்கள், பக்கத்துக்குத் திரும்பி வாருங்கள்.

சொந்தக் கதை என்றதும் ஒன்று சொல்லவேண்டும், இதில் நான் பட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நாவலைப் பற்றி எழுதும்போது, அதில் வருகிற கல்யாணம் என் அக்காவின் கல்யாணம் போல இருக்கிறது என்று இரண்டு வரி போட்டேன். பெயர்கூடச் சொல்லவில்லை. அன்று இரவுக்குள் ஸ்கிரீன்ஷொட் கனடாவின் ஸ்காபரோ வரைக்கும் போய், அங்கிருந்து ஒரு மாமி அக்காவுக்கே கோல் எடுத்து விசாரித்துவிட்டார். எட்டு மாதம் அக்கா என்னோடு கதைக்கவில்லை. அனுபவம் என்னுடையதுதான், ஆனால் அதற்குள் இருந்த வாழ்க்கை அவருடையது. கொழும்புத் தமிழ்க் குழு எதுவும் 60 பேரோடு நிற்பதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திறப்புப் பற்றிப் போடுவதற்கு முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் குழவியோடு நிறுத்திவிடலாம், பதிவு அப்போதும் நிற்கும்.

சரித்திரம் வருகிற புத்தகம் என்றால் பின்னணிக்கு ஒரு வரி போதும், ஆனால் அந்த வரி பிழையாக இருக்கக்கூடாது. மலையகம் என்றதும் 1948இன் குடியுரிமைச் சட்டத்தையும் 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் ஒன்றாகக் குழப்பி எழுதுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். முதலாவது இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த மலையகத் தமிழரில் பெரும்பாலோரை இங்கே நாடற்றவர்களாக்கியது, இரண்டாவது அந்த மக்களை இரண்டு நாடுகளுக்கும் பிரித்தது, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றி 1974இல்தான் முடிவெடுத்தார்கள். உங்கள் பாட்டி அந்த 525,000இல் ஒருத்தி. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். அதைப் பற்றி நீங்களும் ஒரு ரயிலில் இருந்து வாசித்திருக்கிறீர்கள், இதை நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, வேண்டுமென்றால் ஒரு வரி சேர்க்கலாம், சேர்க்காவிட்டாலும் குறையில்லை.

பிடிக்காத புத்தகத்தையும் எழுதலாம், எழுதத்தான் வேண்டும். இங்கே சிக்கல் என்னவென்றால் கொழும்பில் எழுத்தாளர் அதே குழுவில் இருப்பார், அல்லது அவரது மச்சான் இருப்பார். 'மோசமான நாவல்' என்றால் சண்டை. 'பக்கம் 60இல் மூன்றாவது தடவையாக ஒரே கடிதம் வந்தபோது மூடிவைத்துவிட்டேன்' என்றால் யாரும் மறுக்க முடியாது, ஏனென்றால் நீங்கள் மூடியது உண்மை. அதே பக்கத்தைத் தாண்டிப் போனவர் வந்து, 80க்குப் பிறகு அந்தக் கடிதம் வேறு மாதிரி ஆகிறது, இன்னொரு தரம் பாருங்கள் என்பார். பேச்சு அப்படித்தான் தொடங்கும்.

முடிவைச் சொல்லலாமா என்று கேட்கிறவர்களுக்கு, புத்தகத்தின் முதல் பாதியிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. பின்பாதி என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், வாசிக்காதவர் தாண்டிப் போகட்டும்.

பதிவு நன்றாக இருந்தால் அடுத்த நிமிடம் 'பிடிஎஃப் இருக்கிறதா' என்று ஒருவர் வருவார். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து வரும் புத்தகங்களின் விலையைப் பார்த்தால் அவர் மேலும் கோபம் வராது. ஆனாலும் அனுப்பாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை இருக்கிறது. நூலையும் ஆசிரியரையும் சொல்லி ஒரு பந்தியை மேற்கோள் காட்டலாம், பதினைந்து பக்கத்தைப் படம் பிடித்துப் போடுவது வேறு சங்கதி.

கடைசியாகப் பழைய புத்தகம். தாராளமாக எழுதுங்கள், என் அனுபவத்தில் அவற்றுக்குத்தான் நீண்ட பதில் வரும், புதிய புத்தகத்தை மூன்று பேர் வாசித்திருப்பார்கள், பழையதை அம்மாமார் எல்லோரும் வாசித்திருப்பார்கள், அதுவரை காலை வணக்கம் மட்டும் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று நாலு பந்தி எழுதுவார். எங்கே கிடைக்கும் என்று மட்டும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது, விகாரமகாதேவிப் பூங்காவுக்கு எதிரே கொழும்புப் பொது நூலகம், இலங்கைத் தமிழ் நூல் என்றால் 2005இலிருந்து நடக்கிற நூலகம் என்ற எண்ணிம நூலகத்திலும் தேடலாம். எதைத் தேடுவது என்று உங்களுக்குத் தெரியும், நான் தேடப்போவது அந்தக் குழவி வருகிற நாவலை. அதன் பெயரை மட்டும் நீங்கள் கடிதத்திலும் சொல்லவில்லை, குரல் பதிவிலும் சொல்லவில்லை.