விழாவுக்கு முன் ஒரு பாடவேளை

கேள்வி: அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியை நான். இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்கு உரிய ரீயூனியன் தீவிலுள்ள ஒரு வகுப்போடு சேர்ந்து, புயல் பற்றிய வீட்டாரின் நினைவுகளை இணையவழியில் தொகுத்து வருகிறோம். ஆண்டுத் தேர்வு நெருங்கியும் பதிவுகள் வந்தபடியே உள்ளன. தலைமையாசிரியர் நிறைவு விழா நடத்தச் சொல்கிறார். எப்படி முடிப்பது?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு, பதிவுகள் தாமாக நிற்கா. மறுமுனை ஆசிரியரோடு பேசிக் கடைசி நாளைக் குறித்து, இரு வகுப்புகளிலும் ஒரே நாளில் அறிவித்துவிடுங்கள்.

விழா வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பொன்னாடைக்கும் வரவேற்புரைக்கும் நடுவே பிள்ளைகள் வெறும் பார்வையாளர்களாகிவிடுவார்கள் என்பதால், அதற்கு முன்பே ஒரு பாடவேளையை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். ரீயூனியன் நேரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி பின்தங்கியது; இங்கே காலை பதினொன்றரை என்றால் அங்கே பத்து மணி, ஆகவே பள்ளி நேரத்திலேயே இரு வகுப்புகளும் நேரலையில் சந்திக்கலாம். அப்போது எவரும் தம் சொந்தப் பதிவை மறுபடி வாசிக்க வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்த கதையிலிருந்து தாங்கள் புரிந்துகொண்டதை அத்தீவுப் பிள்ளைகள் சொல்லட்டும்; 2025 பிப்ரவரியில் அங்கே தாக்கிய கரான்ஸ் புயலைப் பற்றி நம் பிள்ளைகள் சொல்லட்டும். தவறாகப் புரிந்துகொண்டவை அங்கேயே திருத்தப்படும். தானே புயல் வீசியபோது உங்கள் மாணவர்கள் பிறந்திருக்கமாட்டார்கள், 2024 நவம்பரில் வந்த ஃபெஞ்சலையோ கண்ணாலேயே கண்டவர்கள். கேட்ட புயலையும் கண்ட புயலையும் எழுதுவதில் என்ன வேறுபாடு என்று இரு தரப்பும் பேசினால், எந்த நிறைவுரையும் தராத பயன் கிடைக்கும்.

கோப்புகள் உங்கள் சொந்தக் கணக்கில் இருந்தால், இடமாறுதல் கலந்தாய்வில் நீங்கள் வேறு பள்ளிக்குப் போகும்போது தொகுப்பும் உங்களோடு போய்விடும். அவற்றைப் பள்ளியின் கணக்குக்கு மாற்றி, இனி எவரும் திருத்த முடியாதபடி செய்து, ஒரு படியை அச்சிட்டுக் கட்டி நூலகத்தில் வையுங்கள். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைச் சிறாராகக் கொண்டு பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஆகவே, எழுத்தில் ஒப்புதல் வராத பிள்ளைகளின் படத்தையும் பெயரையும் முதலிலேயே நீக்கிவிடுங்கள்.

விழாவின் முன்வரிசை, நினைவுகளைச் சொன்ன பாட்டிமார்களுக்கும் மீனவத் தாத்தாக்களுக்கும் உரியது. இதைத் தலைமையாசிரியரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அழைப்பிதழ் அச்சானபின் வரிசையை மாற்றுவது எளிதல்ல.