நரம்பும் தசையும் பேசிக்கொள்ளும் இடம்: கேள்வி பதில்

பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் பழ ஈயின் நரம்புகளைப் பார்ப்பது என் வேலை. நம் தமிழ்க் குழுவில் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஜாலஹள்ளியிலிருந்து ஒரு மாணவர்: நரம்பில் கரண்ட் வந்தால் தசை சுருங்குகிறது. இதில் புரதத்துக்கு என்ன வேலை, அண்ணா?

அந்தக் கரண்ட் தசைக்குள் நேராகப் பாய்வதில்லை தம்பி. நடுவில் சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி. நரம்பு முனை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விடும், எதிரே தசையின் ஏற்பிகள் என்ற புரதங்கள் அதைப் பிடிக்கும். அந்த ஏற்பிகள் சிதறிக் கிடந்தால் பயனில்லை, நரம்புக்கு நேர் எதிரே குவிய வேண்டும். அதற்காக நரம்பு அக்ரின் என்ற புரதத்தைச் சுரக்கிறது. தசைமேல் இருக்கும் எல்ஆர்பி4 என்ற புரதம் அதைப் பற்றிக்கொண்டு பக்கத்திலுள்ள மஸ்க் என்ற இன்னொரு புரதத்தை எழுப்பும். தசைக்குள்ளிருந்து டாக்-7 என்ற புரதம் அதற்குக் கைகொடுக்கும். ராப்சின் என்ற புரதம் ஏற்பிகளை ஒரே இடத்தில் பிணைத்து நிறுத்தும். அக்ரினோ மஸ்க்கோ இல்லாத எலிக்குட்டிகள் பிறக்கும் முன்போ பிறந்தவுடனோ இறந்துவிடுகின்றன என்று 1996-இல் காட்டினார்கள். மூச்சு இழுக்க உதரவிதானமும் தசைதானே. இதைப் படித்த நாளில்தான் எனக்கு இந்தத் துறை பிடித்துப்போனது.

அல்சூரிலிருந்து ஒரு அக்கா: அப்பாவுக்குக் காலையில் நன்றாக இருக்கும் இமை, சாயங்காலம் இறங்கிவிடுகிறது. மயஸ்தீனியாவாக இருக்கலாம் என்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை அக்கா, நரம்பியல் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். மயஸ்தீனியா என்பது இந்த நரம்பு-தசை இணைப்பு கெட்டு தசை சோர்ந்துபோகும் நோய். அதில் உடலின் எதிர்ப்புரதங்கள் பெரும்பாலானவர்களுக்கு அந்த ஏற்பியையே தாக்கும், சிலருக்கு மஸ்க்கை. மருந்து இதைப் பொறுத்து மாறும் என்பதால் ரத்தப் பரிசோதனையில் இரண்டையும் பார்ப்பார்களா என்று கேளுங்கள். ஜென்டாமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக் இதை மோசமாக்கும், எந்த டாக்டரிடம் போனாலும் நோயைச் சொல்லிவிடுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

புரோட்டீன் பவுடர் குடித்தால் இந்த இணைப்பு பலமாகுமா?

ஆகாது. குடித்த புரதம் குடலில் அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். அக்ரினை நரம்பு செல்தான் செய்துகொள்ளும்.

ஈயில் என்ன பார்க்கிறீர்கள்?

ஈயாக மாறும் முன் உள்ள புழுவை ஊசி குத்தி நிறுத்தி, முதுகில் கீறித் திறந்து, குடலை எடுத்தால் தசைகள் பட்டை பட்டையாகத் தெரியும். சாயமேற்றினால் நரம்பு முனைகள் கோத்த மணிகள் போல ஒளிரும். அங்கே தசைக்குச் செய்தி சொல்வது அசிட்டைல்கோலின் இல்லை, குளுட்டமேட் என்ற வேறொரு வேதிப்பொருள். ஆனால் பேச்சு இரு பக்கமும் உண்டு: தசை ஜிபிபி என்ற புரதத்தை நரம்புக்குத் திருப்பி அனுப்பும். அது இல்லாத புழுவில் மணிகள் குறைந்துவிடும்.

வெட்டுப்பட்ட நரம்பு மறுபடி தசையைக் கண்டுபிடிக்குமா?

நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். 1978-இல் தவளையில் தசைநாரையே அழித்து, வெளியுறையை மட்டும் மிச்சம் வைத்தார்கள். திரும்பி வளர்ந்த நரம்பு அந்த வெற்று உறையில் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தது.