விரலுக்கும் திரைக்கும் நடுவில்: வீடியோ கேம் கேள்வி – பதில்

அண்மையில் விளையாடிய கேம்களைப் பற்றி எழுதும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். பழையதும் புதியதுமாக வந்த கடிதங்கள் பலவற்றில் ஒரே முறைப்பாடு: கேம் முன்பு மாதிரி இல்லை, அல்லது கை முன்பு மாதிரி இல்லை. பெரும்பாலும் குற்றவாளி வேறெங்கோ இருக்கிறான்.

கே: அலுமாரிக்கு மேல் கிடந்த பழைய டிவி கேமை எடுத்து 43 அங்குல எல்ஈடி டிவியில் பூட்டினோம். சுப்பர் மாரியோவில் முதல் பள்ளத்திலேயே விழுந்து சாகிறேன். சின்ன வயதில் பேசிக்கொண்டே தாண்டிய இடம் அது. வயது போனதுதான் காரணமா? (வாசகி, வெள்ளவத்தை)

ப: வயதை விடுங்கள், டிவியைப் பாருங்கள். 1985இல் வந்த சுப்பர் மாரியோ பிரதர்ஸ் குழாய் டிவிக்காகச் செய்யப்பட்டது. குழாய் டிவியில் சிக்னல் வர வரவே படம் திரையில் விழும். இப்போதைய டிவி வந்த படத்தைப் பிடித்து வைத்து, பெருப்பித்து, மெருகிட்டு, அப்புறம்தான் காட்டும். அந்த வேலைக்கு 100 மில்லி செக்கன் எடுக்கிற டிவிகள் உண்டு. கேம் ஒரு செக்கனுக்கு 50 அல்லது 60 படம் ஓட்டுகிறது. ஆகவே நீங்கள் பார்ப்பது ஐந்தாறு படத்துக்கு முந்திய மாரியோவை. விளிம்பில் நிற்கிறார் என்று நம்பித் தாவுவதற்குள் அவர் பள்ளத்துக்குள் கால் வைத்தாயிற்று.

ரிமோட்டில் படத் தெரிவுக்குப் போய் 'கேம் மோட்' போடுங்கள். கேமை இணைத்திருக்கும் ஏவி இன்புட்டில் நின்றபடியே அதைச் செய்ய வேண்டும். பல டிவிகள் ஒவ்வொரு இன்புட்டுக்கும் வெவ்வேறு அமைப்பை வைத்திருப்பதால், வேறிடத்தில் மாற்றியது இங்கே செல்லாது. அசைவை வழுவழுப்பாக்கும் வசதி, இரைச்சல் குறைப்பு இரண்டையும் நிறுத்துங்கள். மலிவான ஏவி–எச்டிஎம்ஐ மாற்றிப் பெட்டி நடுவில் இருந்தால் கழற்றிவிட்டு நேரே ஏவியில் கொடுத்துப் பாருங்கள்.

படத்துக்கான மஞ்சள் ஏவி துளையே டிவியில் இல்லையே என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். புதிய டிவிகள் பலவற்றில் பச்சைத் துளைதான் மஞ்சளுக்கும். சுற்றிலும் மஞ்சள் வளையமோ 'ஏவி' என்ற எழுத்தோ இருக்கும். சின்ன வட்டத் துளையில் செருகும் மூன்று தலை வயர் என்றால், அதன் உள்ளிணைப்பு கம்பனிக்குக் கம்பனி மாறும். படம் வராமல் ஸ்பீக்கர் உறுமினால் மஞ்சள் சிக்னல் சத்தத்தின் பக்கம் போயிருக்கிறது. மஞ்சளைச் சிவப்பிலும் வெள்ளையிலும் மாற்றிச் செருகிப் பாருங்கள். எதிலும் வராவிட்டால் அந்த டிவிக்குரிய வயரே வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் குழாய் டிவிக்கு ஈடாகாது. யாராவது கழிக்கும் 14 அங்குலப் பெட்டி கிடைத்தால் விடாதீர்கள். ஆறுதலுக்கு ஒன்று: எல்லா உயிரும் போன பிறகு தலைப்புத் திரையில் 'ஏ' பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் கொடுத்தால், செத்த உலகத்தின் முதல் கட்டத்திலிருந்து தொடங்கலாம். அன்றைக்கு இது தெரியாமல் 1-1இலிருந்து ஓடியவர்கள்தான் அதிகம்.

கே: கசெட் போட்டால் எழுத்தும் கட்டமுமாகச் சிதறுகிறது. ஊதிப் போட்டால் வருகிறது, மறுநாள் பழையபடி. (வாசகர், பம்பலப்பிட்டி)

ப: ஊதியதால் சரியாவதில்லை, கழற்றித் திரும்பப் போட்டதால் சரியாகிறது. தொடுமுனைகள் சற்று நகர்ந்து புதிய இடத்தில் தொடுகின்றன, அவ்வளவுதான். ஊதும்போது போகும் ஈரம் செம்பைப் பச்சையாக்கும். கடலுக்குப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, நாமும் உதவ வேண்டியதில்லை.

90 சதவீதத்துக்குக் குறையாத ஐசோபுரொப்பைல் அல்கஹோலை காது துடைக்கும் பஞ்சுக்குச்சியில் நனைத்து, முனைகள் ஓடும் திசையிலேயே துடையுங்கள். பஞ்சு கறுப்பாக வரும். கறுப்பு வருவது நிற்கும் வரைக்கும் குச்சியை மாற்றி மாற்றித் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டுப் போடுங்கள். பாமசியில் கிடைக்கும் 70 சதவீத ஸ்பிரிட்டில் தண்ணீர் கூட. அவசரத்துக்கு ஆகும், ஆனால் நெடுநேரம் காயவிட வேண்டும். பச்சை விடாப்பிடியாக நின்றால் மட்டும் பென்சில் அழிறப்பரால் மெல்ல ஓரிரு தரம். அழுத்தித் தேய்த்தால் மேற்பூச்சு போய்விடும், பிறகு துரு இன்னும் விரைவாக வரும்.

'9999 இன் 1' கசெட்டில் இருபது கேம்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆம். மீதியெல்லாம் அதே கேம்கள், வேறு கட்டத்திலிருந்தோ கூடுதல் உயிருடனோ தொடங்குபவை. கொன்ட்ரா கேமில் 30 உயிருக்குத் தலைப்புத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ, பிறகு ஸ்டார்ட்.

கே: டிவி கேமின் அடப்டர் எரிந்துவிட்டது. வீட்டில் 12 வோல்ட் அடப்டர் இருக்கிறது, முனை பொருந்துகிறது. கொடுக்கலாமா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

ப: வேண்டாம். இந்தப் பெட்டிகள் பலவற்றில் உள்ளே வருவதை 5 வோல்டாகக் குறைக்கும் ரெகுலேட்டர் ஒன்று உண்டு. மிஞ்சுவது முழுக்கச் சூடாகும். 400 மில்லி அம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள்: 9 வோல்ட் கொடுத்தால் 1.6 வாற் சூடு, 12 கொடுத்தால் 2.8 வாற். சூடேறிக் கேம் நின்றுபோகலாம். ரெகுலேட்டரே இல்லாமல் நேரே 5 வோல்ட் கேட்கும் பெட்டிகளும் இருக்கின்றன. அதற்கு 12 கொடுத்தால் அன்றோடு கதை முடிந்தது. பெட்டியின் அடியிலுள்ள ஸ்டிக்கரில் வோல்டைப் பாருங்கள், துளையின் நடுமுனை பிளஸ்ஸா மைனஸ்ஸா என்ற படத்தையும் பாருங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான் என்றால் இன்னும் கவனம். அங்கே 100 வோல்ட், இங்கே 230. ஸ்டிக்கரில் 100 மட்டும் போட்டிருந்தால் இடையில் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் பிளக்கில் செருகாதீர்கள்.

கே: வாத்துச் சுடும் துப்பாக்கி ஒன்றையும் பிடிக்குதில்லை. (சிறுவர் வாசகர், தெகிவளை)

ப: பிடிக்காது, தம்பி. விசையை இழுத்ததும் திரை கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாக மின்னும். அந்த வெளிச்சம் உரிய கணத்தில் வருகிறதா என்றுதான் துப்பாக்கி பார்க்கிறது. எல்ஈடி டிவியில் அது பிந்தி வருகிறது; குழாய் டிவியின் வெளிச்சத் துடிப்பும் அதில் இல்லை. திருத்த வழியில்லை.

கே: பிளேஸ்டேஷன் 2க்கு சின்ன எச்டிஎம்ஐ அடப்டர் வாங்கினேன். நிறமெல்லாம் பச்சையாக வருகிறது. அடப்டர் பழுதா? (வாசகர், மட்டக்குளி)

ப: மாற்றிக்கொண்டுவரக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் பழைய மஞ்சள் வயரில் இணைத்து, டிஸ்க் போடாமல் இயக்குங்கள். சிஸ்டம் கொன்பிகரேஷன், அதற்குள் கொம்போனன்ட் வீடியோ அவுட். அங்கே 'ஆர்ஜிபி' என்று இருக்கும்; மற்றத் தெரிவுக்கு, அதாவது 'வை' என்ற எழுத்தில் தொடங்குவதற்கு மாற்றிவிட்டு அடப்டரைப் போடுங்கள். படம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், அது அந்தக் காலத்துத் துல்லியம். அடப்டர் புதிதாக எதையும் சேர்க்காது.

கே: மகன் 'பலாட்ரோ' என்று ஒரு சீட்டு கேம் விளையாடுகிறான். சூதாட்டமா? நானும் தொட்டுப் பார்த்தேன், மூன்றாம் சுற்றைத் தாண்ட முடியவில்லை. 304 சீட்டாட்டம் விளையாடி வளர்ந்தவன் நான். (வாசகர், கிருலப்பனை)

ப: சூது இல்லை. கேமுக்குள் வரும் டொலர் வெளியே எங்கும் செல்லாது, காசு கட்டி வாங்கும் சாமானும் உள்ளே இல்லை. ஐரோப்பிய வயது மதிப்பீட்டு அமைப்பு முதலில் 18 என்று முத்திரை குத்தி, 2025 பெப்ரவரியில் 12 என்று இறக்கியது. 2024இல் வந்தவற்றில் எங்கள் முதல் தெரிவு இதுதான். சாதாரண போனிலும் பழைய மடிக்கணினியிலும் ஓடும், இணையம் வேண்டியதில்லை.

உங்களை விழுத்துவது 304 பழக்கம். 304இல் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20. இங்கே ஜாக்கும் ராசாவும் ராணியும் தலைக்கு 10, ஒன்பது வெறும் 9, ஏஸ் 11. ஜாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. கணக்கு இதுதான்: சிப்ஸ் என்ற எண்ணை மல்ட் என்ற எண்ணால் பெருக்குவது. ஒரே சாதியில் ஐந்து சீட்டு இறக்கினால் அடிப்படை 35 சிப்ஸ், 4 மல்ட். ஏஸ், ராசா, 9, 6, 4 என்று வைத்தால் சீட்டுகளின் பெறுமதி 40. 35உடன் சேர்த்து 75, அதை 4ஆல் பெருக்க 300. முதல் ஆட்டத்துக்குக் கேட்பதும் 300தான். ஒரே கையில் முடிந்தது.

அடுத்தது ஜோக்கர்களின், அதாவது புள்ளிக் கணக்கை மாற்றும் சிறப்புச் சீட்டுகளின், வரிசை. ஐந்து வைக்கலாம், இடமிருந்து வலமாகக் கணக்கிடப்படும். மல்ட்டுக்கு 4 கூட்டும் ஜோக்கர் ஒன்றும் மல்ட்டை இரட்டிப்பாக்கும் ஜோக்கர் ஒன்றும் இருக்கின்றன என்று வையுங்கள். கூட்டுவது இடப்பக்கம் இருந்தால் 4உடன் 4 எட்டு, இரட்டித்தால் 16. 75 தடவை 16, 1,200. மாறி இருந்தால் 4 எட்டாகி, 4 கூடி 12, 900தான். இழுத்து இடம் மாற்றக் காசு வேண்டியதில்லை. மாற்றாமல் விடுவதால்தான் பலர் மூன்றாம் சுற்றில் சறுக்குகிறார்கள்.

கேமுக்குள் வரும் கடையில் கண்டதை வாங்கவும் வேண்டாம். ஆட்டம் முடியும்போது கையில் இருக்கும் ஒவ்வொரு 5 டொலருக்கும் 1 டொலர் வட்டி, உச்சம் 5. ஆகவே 25 டொலரைத் தொடாமல் வைத்து, அதற்கு மேல் இருப்பதைச் செலவழியுங்கள். ஆனால் முதலிரண்டு சுற்றில் ஒரு நல்ல ஜோக்கர் வந்தால் வட்டியை மறந்து வாங்க வேண்டும். செத்துப்போனபின் வட்டி எதற்கு. சுற்றுகளின் தொடக்க இலக்கு 300, 800, 2,000, 5,000 என்று ஏறி, எட்டாவதில் 50,000 ஆகும். கூட்டும் ஜோக்கர்களை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போக முடியாது. நான்காம் சுற்றுக்குள் பெருக்கும் ஜோக்கர் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும்.

கே: 'ஹொலோ நைட்' முடித்தேன். அதன் அடுத்த பாகம் 'சில்க்சோங்' அநியாயத்துக்குக் கஷ்டம். இரண்டு அடியில் பாதி உயிர் போகிறது. (வாசகி, வத்தளை)

ப: 2025 செப்டெம்பர் 4இல் வந்தது. தொடக்கப் பகுதி தேவைக்கு மேல் கடினம் என்பதில் எங்களுக்கும் உடன்பாடு. முதல் திருத்தத்திலேயே ஆரம்ப வில்லர்கள் இருவரைச் செய்தவர்களே சற்று இறக்கினார்கள். ஆனாலும் பழைய கேமின் பழக்கத்தோடு விளையாடுவதால் வரும் நட்டமும் உண்டு. அதில் ஒவ்வொரு முகமூடியாக (உயிரின் அளவு அதுதான்) குணப்படுத்தலாம். இதில் 9 பட்டு சேரவேண்டும், சேர்ந்தால் ஒரேயடியாக 3 முகமூடி திரும்பும். ஒரு வெட்டுக்கு ஒரு பட்டு, ஆக ஒன்பது வெட்டு.

மூன்றும் வீணாகாமல் வரட்டும் என்று கடைசி முகமூடி வரை காத்திருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். தொடக்கத்தில் 5 முகமூடி, பெரிய வில்லர்களின் அடி 2. முதல் அடியில் 3 மிஞ்சும். அப்போதே குணப்படுத்தினால் 5, மூன்று அடி தாங்கித்தான் சாவீர்கள். இரண்டாம் அடிக்கும் காத்திருந்தால் 1 மிஞ்சும்; குணப்படுத்தினால் 4, இரண்டாவது அடியில் சாவு. இரண்டிலும் உங்களுக்குக் கூடுவது ஒரே ஓர் அடிதான். ஒரு முகமூடியோடு பதறுவதால் மிச்சம் எதுவும் இல்லை. 3இல் நிற்கும்போதே, நிலத்தில் இடமில்லாவிட்டால் அந்தரத்தில் பாய்ந்தாவது செய்துவிடுங்கள். நடுவில் அடி விழுந்தால் பட்டும் போய்விடும் என்பதால் வில்லர் ஒரு தாக்குதலை முடித்த கையோடுதான் நேரம்.

செத்த இடத்தில் ஒரு கூடு தொங்கும். அதை உடைத்தால் இழந்த மணிகளோடு (கேமுக்குள் காசு அதுதான்) பட்டும் நிரம்பும். வில்லரின் களத்திலேயே கூடு இருந்தால் உள்ளே போனவுடன் உடைக்காமல், பட்டு தீர்ந்ததும் உடையுங்கள். இலவச மருந்து.

கே: 'நீட் ஃபோர் ஸ்பீட் மோஸ்ட் வோண்டட்' 2005 ஒரிஜினல் டிஸ்க் விண்டோஸ் 10இல் ஏறுகிறது, இயங்குவதில்லை. (வாசகர், பம்பலப்பிட்டி)

ப: டிஸ்க் பழுதில்லை. அதிலுள்ள சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புக்கு விண்டோஸ் 10இல் அனுமதி இல்லை, பாதுகாப்பு ஓட்டை என்று மைக்ரோசொஃப்ட் தூக்கிவிட்டது. எக்ஸ்பி உள்ள பழைய கணினி கிடைத்தால் டிஸ்க் அப்படியே ஓடும். 'ஜிடிஏ சான் அன்ட்ரியாஸ்' கேம் பற்றியும் கேட்டிருந்தீர்கள்: பழைய பதிப்பில் ஃப்ரேம் லிமிட்டரை (செக்கனுக்கு ஓடும் படங்களுக்கு வரம்பு வைக்கும் அமைப்பை) நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் படம் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் நீச்சல் நகராது.

கே: கொன்ட்ரோலரைத் தொடாமலே ஆள் இடப்பக்கம் நடக்கிறார். (வாசகர், கொட்டாஞ்சேனை)

ப: குச்சிக்கு அடியிலுள்ள கரித்தடம் தேய்ந்திருக்கிறது. ஸ்டீம் செயலியிலோ கேமுக்குள்ளோ 'டெட் ஸோன்' (குச்சியின் சிறு அசைவைக் கணக்கில் எடுக்காத இடைவெளி) அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நடை நிற்கும் இடத்தில் விடுங்கள். சில மாதம் ஓடும். பிறகு குச்சித் தொகுதியையே மாற்ற வேண்டும். ஒன்றுக்கு 14 ஈயப்பற்று, பழகாத கையால் பலகையின் செம்புத் தடம் உரிந்துவரும். மாற்றுவதானால் காந்தத்தால் இயங்கும் ஹோல் வகையைக் கேளுங்கள். அதில் உரசித் தேயக் கரித்தடம் இல்லை.

கே: 100 எம்பிபிஎஸ் ஃபைபர் எடுத்தும் ஒன்லைன் கேமில் சுடுவது பிந்துகிறது. (வாசகர், வெள்ளவத்தை)

ப: எம்பிபிஎஸ் குழாயின் அகலம், பிந்துவது அதன் நீளம். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் 2,700 கிலோமீற்றர். போய்வர 27 மில்லி செக்கனுக்குக் குறைய வழியே இல்லை, நிஜத்தில் கூடவே வரும். ஐரோப்பிய சேர்வரில் அது மூன்று மடங்காகும். சேர்வர் தெரிவில் சிங்கப்பூர், மும்பை இரண்டையும் வெவ்வேறு நேரத்தில் போட்டு, குறைந்த பிங் (போய்வரும் நேரம்) காட்டுவதை வைத்துக்கொள்ளுங்கள். பிங் துள்ளித் துள்ளிக் காட்டினால் அது கடலடிக் கேபிளின் வேலையாக இருக்காது, வைஃபையின் வேலையாகத்தான் இருக்கும். ஃபிளாட்டில் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் 2.4 கிகா ஹேர்ட்ஸில் முட்டிக்கொள்ளும். 5க்கு மாறுங்கள், கொங்கிரீட் சுவர் இரண்டு குறுக்கே நின்றால் அதுவும் எட்டாது, கதவோரமாக ஒரு லான் வயரை இழுத்துவிடுங்கள்.